அங்கவைக்கும் சங்கவைக்கும் பதில் சொல்லிவிட்டு 'வேள்பாரி'யைத் தொடுங்கள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நம்மில் பலருக்கு இரண்டாவது வீடு. 2011-இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போகிறோம் என்று அன்றைய அரசு அறிவித்தபோது, நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றப்பட்ட கட்டடம் அது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, சைதாப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் கொஞ்சம் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படித்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவது வழக்கம். சு.வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி' இரண்டு தொகுதிகளையும் முடித்த அன்று நடந்த சண்டை, இந்த நாவலை யார் படமாக எடுக்க வேண்டும் என்பது.

ராஜமௌலி என்றான் ஒருவன். வெற்றிமாறன் என்றார் ஓர் அண்ணன். ரஞ்சித் அண்ணனை விட்டால் ஆள் இல்லை என்றது ஒரு குரல், மாரி செல்வராஜ் என்றது இன்னொன்று. "உரிமை ஷங்கர் சார்கிட்ட இருக்கு, நாம இங்க உக்காந்து பேசி என்ன ஆவப்போவுது?" என்று ஒரு தம்பி எல்லோர் வாயையும் அடைத்தான்.

அதுவரை பேசாமல் இருந்த மந்தைவெளித் தங்கை ஒருத்தி அப்போதுதான் சொன்னாள். "அங்கவை, சங்கவைங்கற பேர நான் மொதல்ல கேட்டது 'சிவாஜி' படத்துலதான் அண்ணா. பாரியோட பொண்ணுங்கன்னு அப்போ தெரியாது. ரெண்டு கறுப்புப் பொண்ணுங்களக் கிண்டல் பண்ற காமெடின்னுதான் தெரியும்."

டீ ஆறிப்போனது. எங்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சி தெரியும். பாதிப் பேர் அதற்குச் சிரித்தும் இருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் விவரம். 'வேள்பாரி' 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் மணியம் செல்வன் ஓவியங்களோடு தொடராக வந்தது. சங்கப் பாடல்களில் வரும் பறம்பு மலைத் தலைவன் பாரி, அவனுடைய நண்பன் கபிலர், பறம்பை முற்றுகையிடும் சேர சோழ பாண்டியர் மூவர். இவர்களை வைத்து, காட்டின் செடி கொடி, விலங்கு, தெய்வம், மருந்து எல்லாவற்றையும் கலந்து எழுதப்பட்ட மாயமும் வரலாறும் சேர்ந்த கதை. 2024 செப்டம்பரில் இயக்குநர் ஷங்கர் தன் சமூக ஊடகப் பக்கத்தில், நாவலின் காப்புரிமை தன்னிடம் இருப்பதாகவும், முக்கியக் காட்சிகளை அனுமதியில்லாமல் சில படங்களில் எடுத்தாள்வதாகவும் எழுதினார். 2025 ஜூலையில் நாவல் ஒரு லட்சம் பிரதிகள் விற்றதற்காகச் சென்னையில் நடந்த விழாவில், அதுதான் தன் கனவுப் படம் என்றார்.

அவருடைய கனவை நாங்கள் கேலி செய்யவில்லை. 'எந்திரன்' எடுத்தவருக்குப் பிரம்மாண்டத்தைக் கட்டி மேய்க்கத் தெரியும். முதலீட்டாளர்கள் அவரை நம்புவார்கள். 'இந்தியன் 2', 'கேம் சேஞ்சர்' இரண்டும் சரியாகப் போகவில்லை, ஆகவே அவர் வேண்டாம் என்று சொல்பவர்களின் கணக்கும் எங்களுடையது இல்லை. வசூல் கணக்கு பார்த்து இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளரின் வேலை. நம் கேள்வி வேறு. அதை 2007-இலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

'சிவாஜி'யில் கதாநாயகனுக்குப் பெண் தேடுகிறார்கள். சாலமன் பாப்பையா ஏற்ற அண்டை வீட்டுத் தகப்பனுக்கு இரண்டு பெண்கள். நடிகைகளுக்குக் கருமையை அப்பி நிறுத்தியிருப்பார்கள். அவர்களைப் பார்த்தவுடன் கதாநாயகனும் கூட இருப்பவர்களும் தெறித்து ஓடுவதுதான் நகைச்சுவை. அந்தப் பெண்களின் பெயர் அங்கவை, சங்கவை.

இது தற்செயல் என்று எங்களால் நம்ப முடியவில்லை. படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதியவர். பாரி மகளிர் யார் என்று அவருக்குத் தெரியும். சங்கப் பாடலில் அவர்கள் பெயரில்லாமல் பாரி மகளிர் என்றே நிற்கிறார்கள். அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்லி அழைத்தது பின்வந்த மரபு. தகப்பன் கொல்லப்பட்டு, மலை பறிபோய், அந்த இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். இருவரும் மறுக்கிறார்கள். தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய துயரங்களில் ஒன்று இது. தோற்கடிக்கப்பட்ட மக்களின் பெண்களை யாரும் ஏற்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே பெயர்களை எடுத்து, அதே மறுப்பை எடுத்து, தோலில் கருமையைப் பூசி, திரையரங்கைச் சிரிக்க வைத்தார்கள்.

அதே படத்தில் ஒரு பாடல் முழுக்கக் கதாநாயகனின் தோல் கணினி வரைகலையால் வெள்ளைக்காரத் தோலாக மாற்றப்பட்டதையும் நினைவில் வையுங்கள். பெண்களைக் கறுப்பாக்க ஒப்பனை, ஆணை வெள்ளையாக்கத் தொழில்நுட்பம். இரண்டையும் இயக்கியது ஒரே கை.

எங்கள் தங்கை அன்று இன்னொன்றும் சொன்னாள். பள்ளியில் அவளுக்கும் நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். என்ன பெயர் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தி.நகர் உஸ்மான் சாலையில் நடந்து பாருங்கள். பட்டு, தங்கம், சீர்வரிசை என்று பத்து மாடிக் கடைகளின் விளம்பரப் பலகைகளில் சிரிக்கிற பெண்கள் யாராவது அந்தக் கடைகளுக்குள் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை பிரித்துப் போடும் பெண்களின் நிறத்தில் இருக்கிறார்களா? இந்த நகரத்தில் நிறம் என்பது வெறும் நிறம் கிடையாது. "உங்க வீடு எங்க?" என்ற கேள்விக்கு முன்பே, கேட்பவர் தன் மனதுக்குள் ஒரு பதிலை எழுதிக்கொள்ள உதவும் பதிவேடு அது.

ஆகவே எங்கள் முதல் கேள்வி: பாரியின் கதையைப் படமாக எடுத்தால், பாரியின் மகள்கள் வராமல் இருப்பார்களா? வருவார்கள். அவர்களை எந்தக் கண்ணால் பார்க்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில் சிலர் குறுக்கிடுவார்கள். "அப்போ தலித் இயக்குநர்தான் எடுக்கணும்னு சொல்றீங்களா? கலைக்கும் சாதிச் சான்றிதழ் கேக்குறீங்களா?" நாங்கள் சான்றிதழ் கேட்கவில்லை. சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் 2010-இல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' எடுத்தார். மூலக் கார்ட்டூன் தொடரின் உலகம் ஆசிய, இன்யூட் மக்களின் பண்பாட்டைக் கொண்டு படைக்கப்பட்டது. படத்தில் நல்லவர்கள் பெரும்பாலும் வெள்ளை நடிகர்கள். தீயவர்களின் நாட்டுக்கு தேவ் படேல் முதலான இந்திய முகங்கள். இயக்கியவர் பழுப்பு நிறத்தவர் என்பதால் படத்தின் பார்வை பழுப்பாகிவிடவில்லை.

நம் பக்கமும் கணக்கு சுத்தமில்லை. ரஞ்சித் அண்ணனின் 'தங்கலான்' (2024) கோலார் மண்ணில் தங்கம் தோண்டப்போன நம் முன்னோரை மாயக்கதையின் நாயகர்களாக்கியது. நாம் பெருமைப்பட வேண்டிய படம். ஆனால் அந்த மண்ணின் காவல் தெய்வம்போல வரும் ஆரத்தியைப் படைக்க வெளிர்நிற நடிகைக்கு மணிக்கணக்கில் ஒப்பனை போட வேண்டியிருந்தது. இருளர் பெண்ணாக 'ஜெய் பீம்' படத்தில் நடித்தவருக்கும் கருமை பூசியே நிறுத்தினார்கள். நோக்கம் நல்லது என்பதற்காக இதைப் பேசாமல் இருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். அதை 'அசுரன்' ஆக்கிய வெற்றிமாறன் தலித் இல்லை. அந்தப் படத்தின் மீது நமக்கு விமர்சனங்களும் உண்டு. ஆனால் அவர் நாவலில் இல்லாத பஞ்சமி நிலப் பிரச்சினையைக் கதைக்குள் கொண்டுவந்தார். 2019 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கட்சித் தலைவர்களே பஞ்சமி நிலம் பற்றி ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் நிலை வந்தது. அந்த நாவலுக்குள் எந்த மக்களின் வலி இருக்கிறது என்று தேடிப் போனதால் நடந்தது அது.

எதிர்த்திசையில் போன படமும் இருக்கிறது. பி.எச்.டேனியல் வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்ட உழைத்தவர். அவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதை ஒட்டி 2013-இல் பாலா 'பரதேசி' எடுத்தார். நாவலில் தொழிலாளிகளின் பக்கம் நிற்கும் மருத்துவர், படத்தில் நோயில் சாகும் மக்களிடையே ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளி ஆனார். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் எந்தச் சேரியிலிருந்து போனார்கள் என்ற பேச்சு மங்கிப்போனது. படத்தில் துயரம் தத்ரூபமாக இருந்தது. அந்தத் துயரத்துக்குள் யார் யார் பக்கம் நின்றார்கள் என்பது மட்டும் தலைகீழாகிவிட்டது. தழுவல் என்பது இப்படியும் செய்யும் என்பதற்காகத்தான் இயக்குநரின் பெயரைக் கேட்டவுடன் நாம் இவ்வளவு பதறுகிறோம்.

இப்போது 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடர். எம்.ஜி.ஆர் 1958-இலேயே எடுக்க நினைத்துக் கைவிட்டது. கடைசியில் மணிரத்னம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகக் கொடுத்தார். மயிலாப்பூரில் அந்த நாவலின் ஐந்து பாகங்களும் இல்லாத வீட்டு அலமாரி குறைவு. லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகம் தேடினாலும் முதலில் கையில் தட்டுப்படுவது அதுதான். அப்படிப்பட்ட ஒரு கதையை எடுக்க, அதை நேசித்து வளர்ந்தவர் வந்தார். நேசித்தவர் பார்வையில்தான் படமும் இருந்தது. அரண்மனை, யானை, நகை, பட்டு, குதிரை.

அதே சோழர் காலத்தின் கல்வெட்டு வேறொன்றையும் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த நில விவரங்களில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் இருக்கின்றன. வரைபடத்திலேயே பிரித்து வைக்கப்பட்ட மக்கள் அவர்கள். ஆறு மணி நேரத்தை நெருங்கும் இரண்டு பாகங்களில் கேமரா அந்தச் சேரிப் பக்கம் ஒருமுறையாவது திரும்பியதா? 2019-இல் திருப்பனந்தாளில் ரஞ்சித் அண்ணன் ராஜராஜன் காலத்தில் நம் நிலம் என்ன ஆனது என்று பேசியதற்கு வழக்குப் போட்டார்கள். படம் எடுத்தால் கொண்டாட்டம், கேள்வி கேட்டால் வழக்கு.

இன்னொரு விஷயம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதுதான் அந்தக் கதையின் மர்மமே. உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, தண்டிக்கப்பட்டவர்களின் பெயரோடு 'பிரம்மாதிராஜன்' என்ற பட்டத்தையும் சொல்கிறது. பார்ப்பன அதிகாரிகளுக்கு அரசன் கொடுத்த பட்டம் அது. திரையில் அந்த ரவிதாசனைக் காட்டில் அலையும் சதிகாரனாகப் பார்த்துவிட்டு வந்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாயக்கதைகளுக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஏழை வீட்டில் வளர்ந்தவன் கடைசியில் ராஜா மகன் என்று தெரியவரும். கல்கியின் நாவலில் சேந்தன் அமுதன் பூக்கைங்கரியம் செய்து வாழும் இளைஞன், முடிவில் அவன் ராஜரத்தம் என்று தெரிந்து அரியணை ஏறுகிறான். படத்தில் மணிரத்னம் இந்த முடிச்சை எடுத்துவிட்டார். நாவல் வாசகர்களில் பலர் கோபப்பட்டார்கள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே மதிக்கப்படக் கூடாதா, மதிப்பு வர ரத்தத்தில் ராஜா இருந்தே ஆக வேண்டுமா? ஆனால் முடிச்சை எடுத்த படம், பூக்கட்டுகிறவனுக்கு வேறு எந்த இடத்தையும் கொடுக்கவில்லை. அவனை ஓரமாக நிறுத்திவிட்டு ராஜாக்களிடம் போய்விட்டது. இயக்குநரின் தேர்வு என்பது இதுதான். எதை வெட்டினார் என்பது பாதி. வெட்டிய இடத்தில் யாரை நிறுத்தினார் என்பது மீதி.

'வேள்பாரி' இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும் கதை. அங்கே வேந்தர்கள்தான் படையெடுத்து வருபவர்கள். மூவேந்தரால் அழிக்கப்பட்ட குலங்களின் மிச்சம் மீதி மனிதர்கள் பறம்பில் தஞ்சம் புகுந்து வாழ்கிறார்கள். எப்போதும் வடதிசை பார்த்து உட்காரும் ஒரு சின்ன விலங்கைக் கடலோடிகள் திசை பார்க்கப் பயன்படுத்தலாம் என்று தெரிந்ததும், அதைக் காட்டிலிருந்து பறித்துப்போக அரசர்களும் வணிகர்களும் வருகிறார்கள். காட்டு மக்களுக்குத் தெய்வ வாக்கு, வேந்தர்களுக்கு வியாபாரக் கருவி. இந்தக் கதை யார் கதை என்று இனியும் விளக்க வேண்டுமா?

2022 மே மாதம் நினைவிருக்கிறதா? ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தார்கள். கண் முன்னே வீடு இடிவதைப் பார்த்த ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். அங்கிருந்து கபாலி கோயில் தேர் ஓடும் மாடவீதி ரொம்ப தூரமில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கப்பட்ட நம் உறவுகளைக் கேளுங்கள், முற்றுகை என்றால் என்னவென்று சொல்வார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் ஊரே சோழ தேசத்தைப் பார்க்கத் திரையரங்குக்கு ஓடியது. நாங்களும் போனோம். இடிக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகளும் போனார்கள். எந்த ராஜாவுக்குக் கைதட்டுகிறோம் என்று யோசிக்க யாரும் எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

'வேள்பாரி' ஒழுங்காக எடுக்கப்பட்டால், தமிழ் சினிமாவின் பிரம்மாண்டப் படம் ஒன்றில் முதல்முறையாகப் பார்வையாளர்கள் முற்றுகையிடும் படைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். தவறாக எடுக்கப்பட்டால், மலை மக்கள் இறகு கட்டி ஆடும் பின்னணிக் கூட்டமாவார்கள். வேந்தர் படையின் யானைகளுக்குத்தான் விசில் பறக்கும். ஒரே நாவல், ஒரே கதை. கேமரா மலைக்கு உள்ளே நிற்கிறதா, கீழே படையோடு நிற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுதியவரின் கையில் எதுவும் இல்லையா? உர்சுலா லெ குவின் கதையைக் கேளுங்கள். 1968-இல் அவர் எழுதத் தொடங்கிய 'எர்த்ஸீ' மாயக்கதைகளில் கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். அந்தத் தீவுகளில் வெள்ளையர் சிறுபான்மை. மாயக்கதை என்றாலே வெள்ளை இளவரசன்தான் என்ற வழக்கத்தை அவர் யோசித்தே உடைத்தார். 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதை எடுத்தபோது கெட் வெள்ளையனாகிவிட்டான். ஆலோசகர் என்று பெயருக்கு வைத்திருந்தார்கள், அவரிடம் கேட்பதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அவர் அந்த ஆண்டு டிசம்பரிலேயே பொதுவெளியில் எழுதி, இது என் கதை இல்லை என்று சொன்னார். படம் நின்றுவிடவில்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்தும் அந்தப் படைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் அவருடைய கண்டனத்தையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

தோழர் சு.வெங்கடேசனிடம் நாங்கள் உரிமையோடு கேட்பது அதனால்தான். நீங்கள் மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். உங்கள் கட்சித் தோழர்கள் தீண்டாமைச் சுவர்களை எதிர்த்துப் போராடியவர்கள். உத்தப்புரத்தை நாங்கள் மறக்கவில்லை. உங்கள் பறம்பில் பிறப்பால் தாழ்ந்தவர் என்று யாரையும் தள்ளி வைக்கவில்லை என்பதால்தான் எங்கள் பிள்ளைகள் அதை ராத்திரி முழுக்க விழித்துப் படித்தார்கள். அந்தப் பறம்பு திரைக்குப் போகும்போது, நிறம், குலம், யார் கண்ணில் கதை என்ற மூன்றையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேச்சில் வாங்கியதன் மதிப்பு என்ன என்று லெ குவின் அனுபவம் சொல்லிவிட்டது.

சரி, அப்படியென்றால் யார் இயக்க வேண்டும்?

எங்கள் வட்டத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் கூடுதல் கைகள் உயர்ந்தது மாரி செல்வராஜுக்கு. காரணம் அவருடைய சாதி என்று யாராவது சொன்னால் 'கர்ணன்' படத்தை மறுபடி பாருங்கள். கால்கள் கட்டப்பட்ட கழுதை, செத்தபின் தெய்வமாகி முகமூடி அணிந்து ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சின்னப் பெண், வெட்டப்பட்ட மீன், ஊருக்குள் ஓடும் குதிரை. அதை யாரும் மாயக்கதை என்று சொல்லவில்லை. ஆனால் மாயம் நம் மக்களுக்குக் கணினியில் செய்வது கிடையாது. கருப்பனும் காட்டுப்பேச்சியும் செத்துப்போன அக்காவும் பக்கத்திலேயே இருக்கிற வாழ்க்கை அது. பறம்பின் கொற்றவையைச் சிலையாகக் காட்டப் பலரால் முடியும். வீட்டு ஆளாகக் காட்டச் சிலரால்தான் முடியும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மாரியையும் ரஞ்சித்தையும் நம் கதைகளுக்குள்ளேயே கட்டிப் போடுகிறீர்களே, அவர்கள் விரும்பியதை எடுக்க வேண்டாமா என்பது. உண்மைதான். அவர்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால் யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். நம் இயக்குநர்களிடம் எதார்த்தக் கதை கேட்பார்கள், வலி கேட்பார்கள், விருதுப்படம் கேட்பார்கள். பெரும் பணம் புழங்கும் மாயக்கதை, அரசர் கதை என்று வந்தால் வேறு பெயர்கள்தான் பட்டியலில் வரும். 'தங்கலான்' போன்றவை அரிதாகத் திறந்த கதவுகள். அழுவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள், கனவு காணவும் கூப்பிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஷங்கர் அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அது அவருக்குப் புதிதும் இல்லை. எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பாளராக அவர் 2004-இல் பாலாஜி சக்திவேலை நம்பி 'காதல்' எடுக்க வைத்தார். மதுரைத் தெருவில் சாதி ஒரு காதலை என்ன செய்யும் என்று அந்தப் படம் சொன்னதுபோல் அவர் இயக்கிய எந்தப் படமும் சொன்னதில்லை. 2006-இல் தன் உதவியாளராக இருந்த வசந்தபாலனை நம்பி 'வெயில்' கொடுத்தார். அதே வசந்தபாலன்தான் பின்னர் சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலிலிருந்து 'அரவான்' எடுத்தார். மண் தெரிந்தவன் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கும் பெருந்தன்மை அவரிடம் ஒருகாலத்தில் இருந்தது. உரிமை கையில் இருப்பவர்தான் இயக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 'வேள்பாரி'யைத் தயாரியுங்கள். உங்கள் தொழில்நுட்பத்தை, உங்கள் பெயரின் பலத்தைக் கொடுங்கள். இயக்கத்தை விட்டுக்கொடுங்கள்.

இல்லை, நான்தான் இயக்குவேன் என்றால், அது அவர் உரிமை. அப்போது நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, அங்கவை சங்கவைக் காட்சிக்குப் பொதுவெளியில் ஒரு பதில். அன்று புரியவில்லை, இன்று புரிகிறது என்று சொன்னால்கூடப் போதும். நாங்களும் அன்று சிரித்தவர்கள்தான், எங்களுக்கும் பிறகுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்பதால் யாரும் குறைந்துபோவதில்லை.

இரண்டு, மலை மக்களாக நடிக்க மலை மக்களையும் கறுத்த மக்களையும் தேடுங்கள். இருளர், பளியர், மலசர், குறும்பர் என்று காட்டோடு வாழ்ந்த சமூகங்களில் நடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டக் காட்சிக்கு மட்டும் லாரியில் ஏற்றிவராமல், பெயரும் வசனமும் முழுச் சம்பளமும் கொடுங்கள். ஒப்பனைப் பெட்டியில் கருமையை மூடி வையுங்கள்.

மூன்று, பறையையும் துடியையும் யார் அடிக்கிறார்கள், அவர்கள் சட்டகத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பாணரும் பறையரும் துடியரும் சங்க நிலத்தின் மூத்த குடிகளாக எண்ணப்பட்டவர்கள். புறநானூற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. அவர்களைப் பாரியின் அவையில் வாசலுக்கு வெளியே நிறுத்தினால், அது சங்க காலத்தின் காட்சியாக இருக்காது. நம் ஊர்த் திருவிழாவின் காட்சியாகத்தான் இருக்கும்.

மாணவத் தோழர்களே, படம் வர இன்னும் காலம் இருக்கிறது. வந்தபின் விமர்சனம் எழுதுவது எளிது. வருவதற்கு முன் கேட்பதுதான் கடினம், அதற்குத்தான் பலனும் உண்டு. நாவலைப் படியுங்கள். விலை அதிகம் என்றால் நூலகத்தில் கேளுங்கள், இல்லை என்றால் வாங்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். கபிலரின் பாரிப் பாடல்களையும் உரையோடு படியுங்கள். தரமணி திரைப்படக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருந்தால், பறம்பின் ஒரே ஒரு காட்சியை உங்கள் கண்ணால் எழுதிப் பாருங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு அதைக் கொண்டு வாருங்கள்.

அன்று நூலகத்திலிருந்து கலையும்போது மந்தைவெளித் தங்கையிடம், "நீ எடுத்தா அங்கவையா யாரப் போடுவ?" என்று கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை.

"என் அக்காவ."

ஜெய்பீம்.